மறுபூசை வரை

இப்போது யாராவது தெருவிலிருந்து எட்டிப் பார்த்தால், காரின் முன்சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கிழவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கிற சுருள்வில்லைச் செல்லமாகப் பிடித்துக்கொண்டு ஏதோ யோசிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள், அதில் பாதி சரி, யோசிக்கிறேன், ஆனால் பிடித்துக்கொண்டிருப்பது நானில்லை, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இடக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டு வளையங்களுக்கு நடுவே முட்டிவரை போய்விட்டன, முட்டிக்கு அந்தப் பக்கம் நகங்கள், இந்தப் பக்கம் நான். வலி என்று சொல்ல முடியாது. கதவிடுக்கில் விரல் நசுங்கினால் வருமே, அது இல்லை. யாரோ கையைக் குலுக்கிவிட்டு விட மறந்துபோனதுபோல ஓர் இறுக்கம். காரணம் ஜாக்கி. எண்ணெய் கசிகிற பழைய ஜாக்கி, ஏற்றி வைத்தால் ஆள் பார்க்காத நேரமாக இறங்கும். காலையில் காரைத் தூக்கி, ஒரு காப்புக்காக அடியில் மணைப்பலகைகளை அடுக்கி, சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்முக்கு அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்தபோது, வில் நன்றாக விரிந்து, வளையங்களுக்கு நடுவில் கை தாராளமாக நுழைந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து உட்கார்ந்தேன். ஷாக் அப்சார்பரின் நட்டில் மாட்டியிருந்த ஸ்பேனரை வலக்கையால் இழுக்கத் தோதாக இடக்கையால் வில்லைப் பற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் திரும்பத் திரும்ப இழுத்தேன். நட்டு அசையவில்லை, கார் அசைந்தது. பெருமூச்சு விட்டதுபோல மெல்ல இறங்கி, மணைப்பலகையின் மேல் உட்கார்ந்து, நின்றது. வில் சுருங்கியது. பலகை இல்லாவிட்டால் விரல்கள் இரண்டும் இந்நேரம் தனிக்குடித்தனம் போயிருக்கும். இனி ஜாக்கியை நாலு அழுத்து அழுத்தினால் கார் மேலே போகும், வில் விரியும், கை வந்துவிடும். அழுத்துவதற்கு ஜாக்கியின் கைப்பிடிக் குழாய் வேண்டும். கைப்பிடிக் குழாய் பூசையில் இருக்கிறது.

இன்று ஆயுத பூசை. என் மனைவி வடிவு எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. காலையில் நான் குளிக்கப் போயிருந்தபோது போர்ட்டிகோவில் கிடந்த சுத்தியல், திருப்புளி, ஸ்பேனர்கள், அரம், துரு இளக்கும் ஸ்பிரே டப்பா, அந்தக் குழாய் எல்லாவற்றையும் பழந்துணியால் துடைத்து, பூசையறையில் என் புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டாள், ஸ்பிரே டப்பாவின் தலையில் மட்டும் ஒரு செவ்வந்திப் பூ. காருக்கும் மாலை போட்டாள், ஒரு சக்கரம் இல்லாத காருக்கு. "மூணு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சிட்டேன், நாலாவதுக்கு எங்கன வைக்க?" என்று கேட்டாள், கேலியாகக் கேட்டாளா நிஜமாகவே கேட்டாளா என்பதை இத்தனை வருடத்தில் நான் கண்டுபிடித்ததில்லை. பூசையில் வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூசை முடிந்துதான் எடுக்கவேண்டும், புத்தகமும் அப்படியே. கருவியும் இல்லை, எழுத்தும் இல்லை. சின்ன வயதிலிருந்து இந்த நாளில்தான் என் கண் எழுத்துக்குப் பறக்கும்; கடலை மடித்த தாளைக்கூட இந்த நாளில்தான் கடைசி வரி வரை படித்திருக்கிறேன். இப்போதும் பக்கத்தில் சாய்த்து வைத்த டயரின் விளிம்பில் பொறித்திருப்பதை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், இது பாவக் கணக்கில் சேருமா தெரியவில்லை, ரப்பரில் எழுதியதற்கு விலக்கு உண்டா. ஆனால் இந்த ஒரு ஸ்பேனர் மட்டும் காலையிலிருந்து நட்டிலேயே மாட்டிக்கொண்டு நின்றதால் வடிவின் கண்ணில் படவில்லை. பூசைக்கே வராத ஆயுதத்தைப் பூசை விதி கட்டுப்படுத்தாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். தீர்ப்பு நன்றாகத்தான் இருந்தது.

கூப்பிடலாம். வாயைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்தால் வடிவு வருவாள், மாடியில் இருக்கும் மகள் செண்பகம் வருவாள், குழாய் வரும், கை வரும். கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால் அதற்கு ஒரு நல்ல பதில் உண்டு, அறுபது கடந்தவன் தன் காரின் வில்லுக்குள் விரல்விட்டு மாட்டிக்கொண்டான் என்பது தெருவுக்குத் தெரியவேண்டாம் என்பது. இன்னொரு பதிலும் இருக்கிறது, அது அவ்வளவு நல்லதில்லை. மாடியில் டேப் கிழிபடுகிற சத்தம் கேட்கிறது, அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற பழுப்பு டேப், உருவும்போது தோலை உரிப்பதுபோல ஒரு சத்தம், பிறகு ஓர் அமைதி, அந்த அமைதியில் அவள் பல்லால் டேப்பைக் கடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும், கத்தரிக்கோலும் பூசையில்தானே இருக்கிறது. ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு பெட்டி மூடிக்கொள்கிறது. என் மகள் நாளைக் காலை ஓசூருக்குப் போகிறாள். விஜயதசமி, தொடங்கினால் நிலைக்கும் என்று நாள் பார்த்தது வடிவு. மோட்டார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் வேலை, ஷிப்டு முடிகிற நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது, கார் இருந்தால்தான் ஆயிற்று. சேர்கிற தேதியை ஒருமுறை தள்ளிவைத்தாகிவிட்டது, இந்தக் காரால்தான், என்னால்தான். "இன்னொரு தடவ தள்ளிக் கேட்டா அவங்க வேற ஆளப் பாத்துக்கிடுவாங்கப்பா" என்று நேற்றுச் சொன்னாள். காரை நான்தான் கொடுத்தேன். அதாவது எடுத்துக்கொள் என்று சொன்னேன். சொல்வதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் இந்த நட்டு இருக்கிறது. இன்றும் நாளையும் பாளையங்கோட்டை முழுக்க எந்த மெக்கானிக்கும் கருவியைத் தொடமாட்டான். நட்டு கழன்றால் போவாள். கழலாவிட்டால் வேலை போகும், அவள் இருப்பாள்.

கட்டிக்கொடுத்த கோயம்புத்தூரிலிருந்து அவள் ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கியபோது, ஏன் என்று வடிவு கேட்டாள். அழுதுகொண்டே கேட்டாள், பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள், கடைசியில் ஏதோ பதிலும் வாங்கிக்கொண்டாள். நான் கேட்கவில்லை. கேட்காததை என் பெருந்தன்மை என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவளிடம் பேசினேன். சாயங்காலமானால் இரண்டு பேரும் காரில் புறவழிச்சாலை டீக்கடை வரை போவோம், அவள் ஓட்டுவாள், நான் விளக்குவேன், வயல் கொக்கு ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறது, டீக்கு அந்தச் சிவப்பு எப்படி வருகிறது, ஆற்றுக்கு இந்தப் பேரும் ஊருக்கு அந்தப் பேரும் எப்போது வந்தன. அவள் சில நாள் மறுத்துப் பேசுவாள், சில நாள் வெறுமே கியரை மாற்றுவாள். ஒருநாள் சிரித்துக்கொண்டே, "இந்த வீட்டுல எல்லாத்துக்கும் விளக்கம் இருக்குப்பா, ஒரு நிமிசம் சும்மா இருக்கத்தான் எடம் இல்ல" என்றாள். சும்மா இருப்பது என்றால் என்ன என்பதைப் பற்றி நான் வீடு வந்து சேரும்வரை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நினைத்தால் காது சுடுகிறது. அதற்குப் பிறகுதான் அவள் வேலைக்கு எழுதிப்போட ஆரம்பித்தாள் என்று இப்போது, இந்த வில் என்னைப் பிடித்து உட்காரவைத்த பிறகு, தோன்றுகிறது. வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் தொக் என்று ஒரு சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்ததும் அப்படியொரு சாயங்காலம்தான், கண்டுபிடித்தவன் நான். ஷாக் அப்சார்பர் போய்விட்டது, இந்தத் தொக்கை வைத்துக்கொண்டு ஓசூர் வரை போவது ஆகாது என்றேன். மெக்கானிக்கிடம் விட்டால் ஒருநாள் வேலை என்றாள். நானே மாற்றுவேன், இதெல்லாம் ஒரு வித்தையா என்றேன். பாகங்கள் வரவழைப்பதில் கொஞ்ச நாளை ஓட்டினேன், அது வந்தபின் மழையில் கொஞ்ச நாள் ஓடியது. போன ஞாயிறு அந்தப் பக்கத்தை இரண்டு பேருமாக மாற்றினோம், இரண்டு பேருமாக என்றால் நட்டுகளை அவள் கழற்றினாள், நான் டார்ச்சைப் பிடித்தேன். இந்தப் பக்கத்தை நானே செய்கிறேன், நீ பெட்டி கட்டு என்று சொல்லிவிட்டேன்.

ஓர் எறும்பு கழுத்தில் ஏறுகிறது. வலக்கை இருக்கிறது, தட்டிவிடலாம், தட்டிவிட்டேன். இடத்தோளில் அரிக்கிறது, அதற்கு வலக்கை எட்டும், ஆனால் திரும்பினால் விரல் இழுபடுகிறது. நடுவிரல் முதலில் சூடாக இருந்தது, பிறகு ஊசி குத்தியது, இப்போது அது இருப்பதாகவே தெரியவில்லை, யாரோ விட்டுப்போன விரல்போல. நட்டைப் பார்க்க முடியவில்லை, அது ஷாக் அப்சார்பருக்குப் பின்னால் உள்பக்கம் பார்த்து இருக்கிறது, கையைச் சுற்றிக்கொண்டுபோய்த் தடவித்தான் ஸ்பேனரை மாட்டினேன். மேல் போல்ட்டில் இந்தத் தொல்லை இல்லை, என்னைப் பார்த்து இருந்த தலையைப் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்பினேன், கொஞ்சம் முனகிவிட்டு இளகிவிட்டது. கீழ் போல்ட்டின் தலை தேய்ந்து வழுவழு என்று ஆகிவிட்டது, ஸ்பேனர் நிற்கவில்லை, அதனால் பின்னால் போய் நட்டைப் பிடித்தேன். இடஞ்சுழியாக இழுத்தேன், மேலே செய்தது மாதிரியே. கழற்றுவதற்கு இடம், இறுக்குவதற்கு வலம், உலகம் ஒப்புக்கொண்ட முறை. இழுக்க இழுக்க இன்னும் கெட்டியாக இருந்தது. துருதான். துரு என்ற தலைப்பை எழுதியதே நான். மதுரையில் ஓர் அறக்கட்டளை கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது, அங்கே உதவியாசிரியனாக உட்கார்ந்துதான் தலை நரைத்தேன். அகரத்தில் தொடங்கித் தொகுதி தொகுதியாக, தூக்கணாங்குருவி வரை வந்தோம். அறங்காவலர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள், குருவியோடு உலகம் முடிந்தது. அதனால் எனக்கு உலகத்தில் பாதிதான் தெரியும். அச்சம் தெரியும், ஆமை தெரியும், குடும்பம் தெரியும், சுருள்வில் தெரியும். பயம் தெரியாது, மகள் தெரியாது. கூட்டங்களில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், செண்பகம் சிரிக்கமாட்டாள், "குருவிக்கு அப்புறம் உள்ளதயெல்லாம் நீங்களாப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிடணும்" என்பாள். துரு அரிப்பு அல்ல, வீக்கம். இரும்பு காற்றையும் ஈரத்தையும் வாங்கி இருந்ததைவிடப் பெரிதாகிறது, பெரிதாகிப் பக்கத்தில் இருக்கிற இடைவெளியையெல்லாம் தானே எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் நட்டு கழலுவதில்லை. இப்படித்தான் எழுதினேன், நல்ல பத்தி, ஒரு திருத்தம்கூட வரவில்லை. இடம், வலம் என்றொரு தலைப்பும் எழுதினேன். அதற்கு ஒரு வரி சேர்த்தேன், பார்ப்பவன் எங்கே இருக்கிறான் என்று சொல்லாதவரை இடமும் வலமும் பொருளற்றவை, அம்மனின் வலக்கை நமக்கு இடப்பக்கம். இந்த வரி மத்தியானத்திலிருந்து சும்மா சும்மா வந்து நிற்கிறது. ஏன் வருகிறது என்று பார்க்கப் போனால் வேறு ஏதாவது நினைவு வந்து மறைத்துவிடுகிறது, நானும் விட்டுவிடுகிறேன்.

செருப்புச் சத்தம். வடிவு. நான் தோளில் கிடந்த துண்டை இழுத்து இடக்கைமேல் போட்டுக்கொண்டேன், வெயிலுக்குப் போட்டதுபோல, போர்ட்டிகோவில் ஏது வெயில். "இன்னுமா இதக் கட்டிக்கிட்டு அழுதிய?" என்றாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "யோசிக்கதுக்கு வீட்டுக்குள்ள எடம் இல்லியாக்கும். நல்ல நாளும் அதுவுமா கரியும் கிரீசுமா..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று குனிந்து, நட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்பேனரைப் பார்த்துவிட்டாள். பார்வை என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் மூச்சுவிடவில்லை. "இது எப்படி என் கண்ணுக்குத் தப்பிச்சு?" என்று உள்ளே போனாள். அவள் போனதும் எனக்கு அழுகை வரும்போல இருந்தது, பார்த்திருக்கக் கூடாதா என்று. பார்த்துவிடக் கூடாது என்று மூடிக்கொண்டவனும் நான்தான், இரண்டு பேரும் ஒரே வேட்டியில் உட்கார்ந்திருக்கிறோம். சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். ஸ்பேனரின் கைப்பிடியில் சந்தனம் வைத்து, அதன் நடுவில் மோதிரவிரலால் குங்குமம் வைத்தாள், அவளுடைய மோதிரவிரல் எவ்வளவு சௌகரியமாக மடங்கி விரிகிறது. "இனி இதையும் தொடப்பிடாது, கேட்டியளா? மறுபூசை முடிஞ்சதும் ஆன மட்டும் திருகுங்க." பூசையறைக்கு வராத கருவிக்குப் பூசையறையே வந்துவிட்டது, என் தீர்ப்பு மேல்முறையீட்டில் போயிற்று. மறுபூசை எப்போது என்று கேட்டேன். "அவ கெளம்பதுக்கு முன்னாடி" என்றாள். சொல்லிவிட்டு உடனே போகவில்லை. காரின் மாலையை ஒருமுறை நேராக்கினாள், நேராகத்தான் இருந்தது. "நட்டு வருமா, வராதா?" என்றாள் மாலையைப் பார்த்தபடி. தெரியவில்லை என்றேன். "வந்துரணும்" என்றாள். அவள் குரலில் அதட்டல் இருந்ததா வேண்டுதல் இருந்ததா, சொன்னேனே, இத்தனை வருடத்தில் கண்டுபிடித்ததில்லை.

பொழுது சாய்கிறது. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே மாசிலாமணியின் தலை முளைத்தது, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர், அந்தச் சுவரைத் தவிர வேறெங்கும் அவரை முழு உருவமாகப் பார்த்த ஞாபகம் எனக்குக் குறைவு. "என்ன சார், மாலையப் போட்டுட்டு ஒரு சக்கரத்தக் காணும்? சாமிக்கு நேந்து விட்டாச்சா?" என்றார். ஆமாம், மீதி மூன்றும் அடுத்த வருடம் என்றேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, "மக நாளைக்குப் போறாளாமே. வீடு வெறிச்சுனு ஆயிரும்லா" என்றார். ஆகும் என்றேன். "எந்திரிங்க சார், மண்டபத்துச் சிலை மாதிரி இருக்கிய, கையக் குடுங்க, தூக்கிவிடுதேன்" என்று சுவருக்கு மேலாகக் கையை நீட்டினார். கொடுக்கக்கூடிய கையைக் கொடுத்தால் கொடுக்க முடியாத கை தெரிந்துவிடும். இங்கேதான் காற்று வருகிறது என்றேன். இலை அசையவில்லை. அவர் ஒருமுறை வேப்பமரத்தைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார், தலை மறைந்தது. அப்போதுதான் பலகை முனகியது. மணைப்பலகைகள் இரண்டு, பலாமரம், செண்பகத்தின் கல்யாணத்துக்கு என்று செய்தவை, மாப்பிள்ளை மணை கீழே இருக்கிறது, பொண்ணு மணை மேலே இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு பரணில் கிடந்தன, தூக்கிப்போட யாருக்கும் மனம் வரவில்லை, யார் கண்ணிலும் படவும் கூடாது என்று ஆயிற்று. இன்று காலை இவற்றை இறக்கியபோது, ஒரு காரின் எடையைத் தாங்கட்டும், ஒரு பிரயோசனமாவது ஆகட்டும் என்று நினைத்தேன். இவற்றின் குறுக்கே வெடிப்பு இருக்கிறதா என்று நான் பார்த்தேனா. பார்க்கவில்லை. முனகல் மறுபடியும் வந்தது, நார் நாராக எதுவோ பிரிகிற சத்தம், காற்றில்லாத இடத்தில் கார் மாலை ஆடுகிறது. பலகை பிளந்தால் கார் இறங்கும், வில் மூடும், மோதிரவிரலுக்கு மோதிரமும் வேண்டாம், விரலும் வேண்டாம். வடிவு என்று கூப்பிட வாயெடுத்தேன். எடுத்த வாயில் வந்தது அவள் பெயர் இல்லை, செண்பா என்று வந்தது, அதுவும் சத்தமாக வரவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் டமார் என்று ஒன்று உடைந்தது, எனக்கு உடம்பெல்லாம் செத்துவிட்டது, விரல் போய்விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆட்டோ ஸ்டாண்டில் பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். கைதட்டல் கேட்கிறது. கண்ணைத் திறந்தேன். பலகை இருந்தது, விரல் இருந்தது, இருந்ததாகத்தான் பார்த்தால் தெரிந்தது. இப்படியே இருந்துவிட்டால் நாளை வந்துவிடும், மறுபூசை வந்துவிடும், நல்ல நேரம் தாண்டிவிடும், அவள் ஓசூருக்குத் தொலைபேசியில் மன்னிக்கச் சொல்லிக் கேட்பாள், அவர்கள் மன்னித்துவிட்டு வேறு ஆளைப் பார்ப்பார்கள், சாயங்காலம் டீக்கடைக்குப் போவோம், நான் பூசணிக்காயைப் பற்றி விளக்குவேன், அது பட்டியலில் இல்லாத தலைப்பு, இருந்தாலும் விளக்குவேன். அவள் கியரை மாற்றுவாள். வேகத்தடை வரும், தொக். இதைத்தானே கேட்டேன். கேட்டது முழுசாக முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை.

மாடிப்படியில் அவளுடைய நடை. இரண்டிரண்டு படியாக இறங்குவாள், சின்னதிலிருந்தே, விழுவாய் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, ஒருநாளும் விழுந்ததில்லை. கிண்ணத்தில் சுண்டலோடு வந்து என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள், முழங்கையில் டேப் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "வெள்ளச் சுண்டல், அம்மா தேங்காய அள்ளிப் போட்டிருக்கா. இந்தாங்க, பிரசாதம்" என்று கரண்டியில் எடுத்தாள். நான் வலக்கையை நீட்டினேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. "எடது கையக் கீழ குடுத்து ரெண்டு கையிலயும்லா வாங்கணும்? ஒத்தக் கையில வாங்கினா அது பிரசாதம் இல்ல, பிச்சைனு சொல்லுவிய" என்றாள். நானேதான் சொல்லியிருக்கிறேன், அதற்கு மூன்று மேற்கோள்களும் காட்டியிருக்கிறேன். இன்றைக்கு ஒத்தக் கை போதும், கிரீஸ் என்றேன். "கிரீஸ் அந்தக் கையிலயும்தான இருக்கு." அவள் சிரிப்போடு துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். சிரிப்பு நின்றது. கிண்ணத்தைத் தரையில் வைத்தாள், வைத்த சத்தம்கூட வரவில்லை. "எப்ப இருந்து?" என்றாள். இப்போதுதான் என்றேன். "வெரலு நாவப்பழமா இருக்கு, இப்பத்தானா?" என்று எழுந்து ஓடினாள். உள்ளே வடிவின் குரல், "ஏட்டி, தொடாத, பூசையில இருக்கது—" பிறகு இவளுடைய குரல், சின்னதாக, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஏதோ தட்டு உருண்டது. முதலில் வெளியே வந்தது வடிவுதான், கையில் குழாய், உள்ளங்கையெல்லாம் குங்குமம். "கூப்பிட்டா என்ன? வாயும் வில்லுக்குள்ளயா மாட்டியிருக்கு?" என்றாள். குழாயை மகளிடம் நீட்டினாள். "சரஸ்வதிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீ அழுத்துட்டி." செண்பகம் அழுத்தினாள். ஜாக்கி மூச்சுவாங்கி எழுந்தது. கார் பலகையை விட்டு நகம் அளவு உயர்ந்தது, பிறகு விரல் அளவு. வளையங்கள் மனம் மாறியதுபோல ஒன்றையொன்று விட்டு விலகின. கை வந்தது. வந்த பிறகுதான் வலித்தது, அம்மாடி, அத்தனை நேரத்து வலியும் சேர்த்து வைத்திருந்து ஒரே தவணையில் வந்தது. வடிவு என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள், மடங்கின, "ஐஸ் எடுத்தாறேன்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போனாள்.

செண்பகம் போகவில்லை. ஸ்பேனரின் மேல் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தாள், அதை அழிக்காமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு மெதுவாக அசைத்துப் பார்த்தாள். செல்போன் விளக்கைப் போட்டு ஷாக் அப்சார்பருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் விடைத்தாளை வாத்தியார் திருத்தும்போது பார்த்துக்கொண்டிருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எந்தப் பக்கமாப்பா இழுத்திய?" என்றாள். வலக்கையால் காற்றில் காட்டினேன், இடஞ்சுழியாக. அவள் தலையாட்டினாள். "நட்டு அந்தப் பக்கம் பாத்துலா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால் நான் காட்டியது வலம், மத்தியானத்திலிருந்து என் பலம் முழுவதையும் போட்டு இறுக்கியிருக்கிறேன். பார்ப்பவன் எங்கே இருக்கிறான் என்று சொல்லாதவரை, என்று அந்த வரி வந்து நின்றது, இப்போது மறைக்க வேறெதுவும் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். தெரியாமல் செய்தேனா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன், கேட்டிருந்தால் என்னிடம் மூன்று விளக்கங்கள் தயாராக இருந்தன, மூன்றும் பொய் என்று சொல்ல முடியாது. அவள் கேட்கவில்லை. கோயம்புத்தூரைப் பற்றி நான் கேட்காமல் இருந்தேனே, அதேபோலக் கேட்காமல் இருந்தாள். அது பெருந்தன்மை இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்கப்படாமல் அந்தப் பக்கம் நின்றால் இவ்வளவு குளிருமா. ஜாக்கிக் குழாயை ஸ்பேனரின் வாலில் செருகி நீட்டமாக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, ஒரு காலால் குழாயை மிதித்தாள், நான் இழுத்ததற்கு எதிராக. ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் மிதித்தாள். யானை பிளிறியதுபோல ஒரு சத்தம், செந்தூள் கொட்டியது, குழாய் ஒரு முழம் இறங்கியது.

"வந்துட்டு" என்றாள். குழாயை உருவிச் சுவரோரம் சாய்த்தாள், குங்குமம் இருந்த பக்கம் மேலே தெரிகிற மாதிரி. ஸ்பேனரை என் பக்கம் நகர்த்தினாள். "மிச்சத்த நீங்க கழட்டுங்க. மேல ஒரு பெட்டி தெறந்து கெடக்கு." நானா, என்றேன். "நீங்கதான். நானே மாத்துவேன்னு சொன்னியல்லா" என்றாள். சுண்டல் கிண்ணத்தை எடுத்து, இந்தமுறை நான் நீட்டாமலே என் இடக்கையைத் தூக்கி வலக்கைக்குக் கீழே வைத்து, ஒரு கரண்டி போட்டாள். வீங்கிய விரல்களுக்குச் சுண்டலின் சூடு தெரிந்தது. எனக்கு ஏதோ சொல்ல வந்தது, ஓசூரின் குளிரைப் பற்றி, அந்த ஊர்ப் பேர் எப்படி வந்தது என்பதைப் பற்றி. சொல்லவில்லை. அவள் ஒரு வினாடி நின்றாள், நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றாளோ, சொல்லாததைக் கேட்டுக்கொண்டு நின்றாளோ. பிறகு படியேறினாள், இரண்டிரண்டாக. மேலே டேப் கிழிந்தது. நான் சுண்டலை மென்றுகொண்டே ஸ்பேனரைப் பிடித்தேன். நட்டு இப்போது எளிதாகச் சுற்றியது, கோயிலில் பிராகாரத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவோமோ அந்தப் பக்கமாகவே. நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து பார்த்தால், கழற்றுவதும் வலம்தான். சுற்றினேன்.